ஞாயிற்றுக்கிழமை நடை

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம் எனக்கு அத்துப்படி. ஒரு நாளும் அங்கே போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனால் மாதா கோயில் வாசலில் எந்தப் படிக்கல் ஆடும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்கிற மாதிரி வாயைத் திறந்துவிட்டு அலுப்பில் படுத்துக்கொள்ளும் என்று கேட்டுப்பாருங்கள், டக்கென்று சொல்லுவேன். கண்டிக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் வத்தேகமவில் என் பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால்தான் முழிப்பேன்.

என் ஒரே மகள் அந்தக் கிராமத்தில் இருக்கிறாள். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை. இல்லத்துக்காரர்கள் கிராமத்துக்குள்ளேயே அவளுக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அங்கே அப்போதுதான் காலை. இங்கே நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும் நேரம். போன் அடிக்கும். கமராவை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவள் நடப்பாள். நான் கதிரையில் இருந்தபடியே கூட நடப்பேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் வாரத்தின் மிச்ச நாளையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீ மேக்கராக இருந்தவன். டீ மேக்கர் என்றால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள், கொழுந்து வந்து இறங்கியதிலிருந்து தூளாகி வெளியே போகும் வரைக்கும் அவன் பொறுப்பு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் என்னை ஐயா என்பார்கள். நான் கிட்டப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போனால் நான் நின்றபடியே பேசிவிட்டு வரவேண்டும். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்கிற உத்தியோகம். மனைவி இருந்தவரைக்கும் அது உறைக்கவில்லை, வீட்டுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள். எனக்கு ஓய்வு வயதும் வந்தது, குவாட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். வத்தேகமவில் ஒரு சின்ன வீடு வாங்கி வந்து சேர்ந்தோம், நானும் மகளும். பிறகு அவளும் பறந்துவிட்டாள். இந்த ஊரில் என்னை ஐயா என்று கூப்பிடவும் ஆளில்லை, டேய் என்று கூப்பிடவும் ஆளில்லை.

அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பஸ் வைத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்களாம், அவ்வளவு பேர் பெற்ற இடம். ஓர் ஓடை, அதன்மேல் ஒரு கார் மட்டும் போகக்கூடிய கல் பாலம். எதிர்ப் பக்கம் கார் வந்தால் இந்தப் பக்கத்துக்காரர் நின்று கையைக் காட்டுவார்; அவர் போகாமல் இவருக்குக் கையைக் காட்டுவார். கண்டி றோட்டில் ஓடுகிற நமது டிரைவர்மார் பார்த்தால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவார்கள். பாலத்துக்கு அப்பால் ஒரு குட்டை, அதில் வாத்துகள். வாத்துகள் பாதையைக் கடக்கும், மெதுவாகப் போகவும் என்று ஒரு பலகை. வாத்துக்குப் பலகை வைத்த ஊரைப் பார்த்து முதல் நாள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாதா கோயிலைச் சுற்றிச் சாய்ந்துபோன கல்லறைகள். சிவப்பு நிறத்தில் ஒரு டெலிபோன் பெட்டி. உள்ளே டெலிபோன் இல்லை, பழைய புத்தகங்கள் இருக்கின்றன, வேண்டியவர் எடுத்துப் போகலாமாம்.

புல் வேய்ந்த வீடுகளும் இருந்தன. அவைதான் ஆக விலை கூடிய வீடுகள் என்று மகள் சொன்னாள். நான் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் மாணாப்புல் கூரையிலிருந்து தகரத்துக்கு மாற எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! இன்னொன்றும் கண்டேன். ஒரு மூலைவீட்டுக் கல் சுவர், உயரமான புகைபோக்கி, ஜன்னலுக்குக் கீழே ரோசாப் பாத்தி. எங்கள் துரை பங்களாவேதான். வேலைக்காலம் முழுக்க நான் நின்றபடி பேசிய அந்த வாசலை எங்கே பார்த்துப் படியெடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஊர் ஞாபகம் தாங்காமல் யாரோ ஒரு வெள்ளைக்காரன் மலையில் வந்து தன் ஊரைக் கட்டியிருக்கிறான். அவனும் என்னைப்போல ஒரு தனிக்கட்டையாக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். முதன்முறையாக ஒரு துரைமேல் எனக்கு இரக்கம் வந்தது.

எல்லாம் அழகுதான். ஆனால் நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டே வந்தேன். அந்த நடையில் யாரும் என் மகளோடு நின்று பேசவில்லை. எதிரே வருகிறவர் தலையை லேசாக ஆட்டுவார், "மோர்னிங்" என்பார், போய்விடுவார். நாய்க்குத் தடவல் கிடைத்தது, என் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவளோடு வேலை செய்கிறவர்கள் தூர டவுனிலிருந்து காரில் வந்து காரில் போகிறவர்கள். இல்லத்தில் இருக்கும் பாட்டிமாரோ அவளை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காலையில் ஊட்டிவிட்ட கையைச் சாயந்தரம் யார் நீ என்று கேட்டார்கள்.

"யாராச்சும் பழக்கமானாங்களா புள்ள?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன்.

"இங்க எல்லாரும் நல்லவங்கப்பா" என்பாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. வந்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். ஒப்பந்தம் முடியாமல் அவளால் வர முடியாது என்று தெரிந்து, விழுங்கிக்கொள்வேன். எனக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை. அந்த ஊரில் ஒரே ஓர் ஆள் அவளை நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

குளிரும் இருட்டுமாக மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு, அவள் முதன்முறையாகத் தான் வேலைக்குப் போகும் வழியில் நடந்து காட்டினாள். கிராமம் முடிகிற இடம், இல்லத்துக்குப் போகும் ஒழுங்கையின் தலைப்பில், ஒரு வேலியோரம் எதையோ கண்டு நான் கத்தினேன்.

"நில்லு, நில்லு! அத காட்டு!"

ஒரு கம்பத்தின்மேல் சின்ன மரக்கூடு. கூரை போட்டது. உள்ளே ஒரு போத்தலில் பூ. பூவுக்குப் பக்கத்தில் நாலைந்து முட்டை. கீழே, வாயில் கீறல் வெட்டிய ஒரு தகர டின். கூட்டின்மேல் ஏதோ எழுதியிருந்திருக்கிறது, மழையில் கழுவுப்பட்டுப் போயிருந்தது.

"இது காவல் சாமி" என்றேன்.

"அப்பா, வெள்ளைக்காரங்க ஊர்ல முனி எங்கப்பா?"

"ஏன், நம்ம ஸ்டோர்ல ரோதமுனி இல்லையா? அந்த மெசினெல்லாம் எங்க இருந்து வந்திச்சு? அவங்க ஊர்ல இருந்துதானே?"

ஸ்டோரில் சுழலும் ரோதைகளுக்கு, அதாவது மெசின் சக்கரங்களுக்கு, ஒரு முனி உண்டு. அவருக்குப் படையல் வைக்காமல் எங்கள் ஆட்கள் புது மெசினைத் தொடமாட்டார்கள். யாருடைய கையும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முனிக்கு முட்டை படைப்பதும் புதுசில்லை. பூ, முட்டை, உண்டியல், ஊர் எல்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கண்டி பஸ் கொண்டக்டர் பாதையோரக் கோயிலைக் கண்டால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து ஒரு காசைப் போட்டு, நெஞ்சைத் தொட்டுவிட்டு ஓடிவந்து ஏறுவான். அதே மாதிரி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு காசைப் போட்டுக் கும்பிட்டுக்கொள் என்று மகளுக்கு உத்தரவு போட்டேன். முட்டையில் மட்டும் கை வைத்துவிடாதே, படையல் என்றும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். ஆனால் செய்தாள். முதலில் என் மனதுக்காகச் செய்தாள், பிறகு பழகிப்போய்ச் செய்தாள். இருட்டில் எழும்பிப் போகும்போது அங்கே ஒரு நிமிஷம் நின்றால் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். நான் பெருமையில் வீங்கிப்போனேன். அது என்னவென்று பக்கத்தில் ஒருவரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்க அவளுக்கு ஆளில்லை. மாரி முழுக்க அந்தப் பிழை ஓடியது.

வெயில் திரும்பிய காலத்தில் ஒரு ஞாயிறு, போன் வழக்கத்தைவிட முந்தியே அடித்தது. ஊரைக் காட்டாமல் தன் முகத்தைக் காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணி.

"அப்பா, உங்க முனி கடைப்பா! முட்டைக் கடை!"

நடந்தது இதுதான். காசைப் போட்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டு திரும்பிய அவளை, வீட்டுச் செருப்போடு ஓர் அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்து மறித்திருக்கிறார். அந்தக் கூட்டில் அவர் தன் கோழி முட்டையையும் தோட்டத்துப் பூவையும் விற்பனைக்கு வைப்பாராம். ஆள் நிற்கத் தேவையில்லை. காசைப் போட்டுவிட்டு எடுத்துப் போகவேண்டியதுதான். ஊரில் பல வீட்டு வாசலிலும் அப்படி இருக்கிறதாம். "நீ மாரி முழுக்கக் காசு கட்டியிருக்கிறாய், ஒரு முட்டைகூட எடுக்கவில்லை, உனக்கு என்னம்மா நடந்தது?" என்று கேட்டாராம். மகள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். என் அப்பா இலங்கையில் இருந்து பார்த்துவிட்டு இது சாமி என்று சொன்னார் என்று. அந்த அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, அந்தக் கூட்டைக் கட்டியது போய்ச் சேர்ந்த தன் புருஷன் என்றும், அவர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றும் சொன்னாராம்.

என் மானம் இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டது. காது சூடாகிவிட்டது எனக்கு.

"ஏன் முந்தியே கேக்கலையாம், அந்தம்மா?"

மகள் சிரிப்பை நிறுத்தினாள். "கேட்டா நான் வராம போயிருவேன்னு பயமா இருந்திச்சாம்பா. காலையில நான் நிக்கிறத குசினி ஜன்னல்ல பாத்துட்டுத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாங்களாம்."

நல்ல அம்மா என்றேன். அந்த வாரம் முழுக்க அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இருட்டில் தனியாக நிற்கிறாள் என்று நான் இங்கே தவித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, அவளைப் பார்க்க அங்கே இரண்டு கண் இருந்திருக்கிறது. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

பிறகு மளமளவென்று எல்லாம் நடந்தது. ஒரு நாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். இன்னொரு நாள் கோழிக்கூடு கழுவ மகள் போனாள். அந்த அம்மா நடைவழியில் அவளை மற்றவர்களுக்கும் அறிமுகம் செய்துவைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நடையில் பாலத்தடியில் ஒருவர் நின்று, முட்டை எப்படி என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். நான் கதிரையில் இருந்து கை தட்டாத குறை. அதற்கு அடுத்த ஞாயிறு அவள் ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமையில இவங்க காலையிலயே வரச்சொல்றாங்க. கோயிலுக்குப் பூ வச்சிட்டு, பொறகு பகல் சாப்பாடு அங்கயே. அவங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை சாப்பாடுதான் பெருசாம். நான் ஒங்களுக்குப் போன் எடுக்கணும்னு சொன்னேன்..."

"பைத்தியமா ஒனக்கு? போ!" என்றேன். "நானும் ஒனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்கும் இனி ஞாயித்துக்கிழமையில வேல இருக்கு. கண்டியில பழைய கூட்டாளி ஒருத்தர் ஆப்புட்டார். வாங்க வாங்கன்னு ஒரே கரச்சல்."

வாயில் எப்படி வந்தது என்று தெரியாது. அவ்வளவு சரளமாக என் ஆயுசில் நான் பொய் சொன்னதில்லை. அவள் முகம் மலர்ந்துபோனது. மாதக்கணக்கில் நான் அவளுக்காக வேண்டியதை அவளும் எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள் போல. போனை வைத்தபிறகு எனக்குப் பொறாமையாக இருந்தது. வாத்துக்குப் பலகை வைத்த ஊர் என் மகளை எடுத்துக்கொண்டுவிட்டதே என்று, கேட்டது கிடைத்த பிறகு, ஒரு கிழவன் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவினேன். கதிரையில் உட்கார்ந்தேன். போன் அடிக்காது என்று தெரிந்தும் அதைத் துடைத்துக் கையில் வைத்திருந்தேன். வீடு அப்படி ஒரு அமைதி. ஒழுங்கையில் யாரோ சிங்களத்தில் மீன்காரனோடு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையாவது என்னோடு போடமாட்டார்களா என்று இருந்தது. தாங்கமுடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதையோரக் கோயிலில் கொண்டக்டர் குதித்து இறங்கினான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கண்டியில் எனக்கு என்ன வேலை? மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, ஒரு தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ வாங்கி, அது தூள் மோசம் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, வாவியைச் சுற்ற ஆரம்பித்தேன். ஞாயிறு என்பதால் நல்ல சனம். வெள்ளை மதிலோரம் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் போனைக் கொடுத்து எங்களை எடுத்துத் தரமுடியுமா மாமா என்று கேட்டாள். எடுத்துக்கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முழுக்க நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். ஒரு மரத்தடி வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

வெயில் இறங்கி, நீர்க்காகங்கள் மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. போன் அடித்தது.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை தெரிந்தது. இறைச்சி, உருளைக்கிழங்கு, ஏதோ பச்சைக் கறி, எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. மகள் பக்கத்தில் அந்த அம்மா. வெள்ளைத் தலை, சிவந்த முகம், கையில் அகப்பை. நான் எழும்பி நின்று கும்பிட்டேன். அவரும் அகப்பையோடு கும்பிட்டார்.

"நீங்க கண்டியிலதானே? கூட்டாளியக் காட்டுங்கப்பா. இவங்களுக்கும் அவரப் பாக்கணுமாம்."

பக்கத்து வாங்கில் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவரைக் காட்டியிருப்பேன்.

"அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார் புள்ள. இப்ப வந்துருவார்."

"சரிப்பா. வரட்டும். நாங்க லைன்லயே இருக்கோம்."

"சாப்பாடு ஆறிடும். நீ வச்சிட்டுப் போய்ச் சாப்பிடு."

அவள் அந்த அம்மாவிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். அவர் அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் நிஜமாகவே காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் கமராவை வாவிப் பக்கம் திருப்பினேன். தண்ணியைக் காட்டினேன், அக்கரை மரங்களைக் காட்டினேன், காகம் எல்லாம் காட்டினேன். புத்தரின் பல் இருக்கும் மாளிகைப் பக்கம் அந்திப் பூசைக்கு மேளம் தொடங்கியது. அந்த அம்மா நல்லாயிருக்கு என்பதுபோலத் தலையை ஆட்டினார். என் மகள் வாவியைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி குடிக்கப் போன எந்த மனுஷனும் அதற்குள் திரும்பி வந்திருப்பான். மேசையில் ஆவி அடங்கிவிட்டது. ஒருவரும் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை.

கமராவை என் பக்கம் திருப்பினேன்.

"புள்ள, அப்படி ஒருத்தர் இல்ல."

"தெரியும்பா."

என்னவாம் என்று அந்த அம்மா கேட்பது கேட்டது. மகள் அவருக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. மேசையில் கிடந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"போய்ச் சாப்பிடுங்க ரெண்டு பேரும். எல்லாம் ஆறிப்போச்சு" என்றேன்.

"ஆறட்டும்பா" என்றாள்.